நீளமும் நாலு, கேட்டதும் நாலு

8 ஜூலை 2024, திங்கள்

மந்தைவெளி அபார்ட்மென்ட்டில் இன்று முதல் லிஃப்ட்டை ஓட்டுவது என் கன்ட்ரோல் போர்டு. பழையது காயலான் கடைக்குப் போய்விட்டது. ஒன்பதாவது ஃபெயில் ஆன இந்த வில்லியம், ரஸ்ட் என்கிற மொழியில் புரோகிராம் எழுதினான் என்றால் ஜப்பான்காரனே எழுந்து நின்று கை தட்டுவான்.

செக்ரட்டரி ஜவஹர் சாருக்கு விளக்கினேன். "மாடிக்கு ஒரு அறைன்னு வரிசையா பெட்டி சார். இந்த மொழியில நாலு அறைப் பெட்டி வேற ரகம், ஆறு அறைப் பெட்டி வேற ரகம். ஒண்ணுக்கு எழுதினது இன்னொண்ணுக்குச் செல்லாது. நான் இன்னா பண்ணேன், அறைக் கணக்குக்கு N-னு ஒரு எழுத்து போட்டுட்டேன். கட்டடத்துக்குக் கட்டடம் அதை மட்டும் மாத்தினா போதும்!"

உண்மையில் எழுதியது என் அக்கா மகள் சான்ட்ரா, பெருங்குடி சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறாள். N-க்கு எண் போட்டது நான். அந்தச் சின்ன விவரம் அவருக்கு எதற்கு?

மூன்றாவது மாடி வரை ஓட்டிக் காட்டினேன். அதற்குள் கேசரி வந்துவிட்டது.

9 ஜூலை, செவ்வாய்

மோசம். நாலாவது மாடி விசாலாக்ஷி மாமி டயாலிசிஸுக்குக் கிளம்பிப் பட்டனை அமுக்க, ஜவஹர் சார் உள்ளே கத்திரிக்காய்ப் பையோடு இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். நாற்பது நிமிடம். "எலி சார். பூனை சைஸு. மொட்டை மாடி வயரைக் கடிச்சிருக்கு" என்றேன். லிஃப்ட்டைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மாமியை நாற்காலியில் உட்காரவைத்து நானும் வாட்ச்மேன் கபாலியும் இறக்கினோம். பிறகு ஏற்றினோம். வாரம் மூன்று நாள் இப்படியா? ஆண்டவரே.

11 ஜூலை, வியாழன்

மறுபடி நாற்காலி. சாவியை ஒரு நாளைக்கு மட்டும் கெஞ்சி வாங்கி வயர் முழுக்க மாற்றினேன். மூன்று வரை வழுக்கிக்கொண்டு போகிறது. நாலை அமுக்கினால் செத்துவிடுகிறது. லேப்டாப்பைச் செருகினால் ஆங்கிலத்தில் ஒரே வரி — நீளம் 4, கேட்ட எண் 4. இரண்டும் நாலு. பொருந்தத்தானே செய்கிறது? அப்புறம் ஏன் கத்துது? இன்னாதான் வேணுமாம் அதுக்கு? எழுதினதைச் சரிபார்த்து மெஷின் பாஷைக்கு மாத்துற கம்பைலர் ஒரு தப்பும் சொல்லலியே!

கபாலி வேறு. "ரெண்டு நாளா பொறியில வடை வெச்சிகினு கீறேன் நைனா, ஒரு சுண்டெலி வர்ல. உன் எலி இன்னா, ஊருக்குப் போயிருச்சா?"

12 ஜூலை

சான்ட்ராவைக் கேட்டால் ஒரு நிமிட வேலை. ஆனால் அவளிடமே, "உன் புரோகிராமை நான்தான் திருத்தி ஓட வெச்சேன்" என்று அளந்திருக்கிறேன். எந்த வாயால் கேட்பது?

13 ஜூலை, சனி

இரண்டாவது மாடித் திருப்பத்தில் என் கால் இடறியது. மாமியின் இடது கை சுவரில் உரசிவிட்டது. டயாலிசிஸ் ஊசி போடுகிற கை. ரத்தம். திட்டியிருந்தால் தேவலை. "ஏண்டாப்பா, நோக்கு ஒண்ணும் ஆகலையே?" என்கிறார். பாவி நான். "இந்தக் கை போச்சுன்னா வேற எடம் தேடணும், பார்த்துத் தூக்குங்க" என்றாள் ஆஸ்பத்திரி நர்ஸ்.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே சான்ட்ராவுக்குப் போன் போட்டேன். எல்லாம் சொன்னேன். எலி உட்பட.

"மாமா, N எவ்ளோ குடுத்தீங்க?"

"நாலு மாடி. நாலு."

"கிரவுண்ட்?"

"அது மாடியா?"

"லிஃப்ட் அங்க நிக்காதா? அஞ்சு அறை வேணும் மாமா. எண்ணுறது ஜீரோலேர்ந்து. ஜீரோ, ஒண்ணு, ரெண்டு, மூணு — நாலு அறை முடிஞ்சுபோச்சு. நாலாம் நம்பர் போட்ட அறையே அங்க இல்ல."

"கம்பைலர் ஒண்ணும் சொல்லலியேம்மா..."

"அதுக்கு உங்க கட்டடம் தெரியுமா? நீங்க சொன்னதை நம்பிச்சு."

15 ஜூலை, திங்கள்

ஜவஹர் சார் சாவி தரவில்லை. "மொதல்ல எலியைக் காட்டுய்யா" என்றார். "எலி இல்ல சார். என் தப்பு" என்றேன். சட்டைப் பைக்குள் கை விட்டார். சாவியைத் தந்தார். அடுத்த மாதத்திலிருந்து மெயின்டெனன்ஸ் வேறு ஆளுக்கு என்றார்.

நாலை அடித்து அஞ்சு போட்டேன். தரையிலிருந்து நாலாவது வரை ஐம்பது தடவை ஓட்டினேன் — இல்லை, பதினோரு தடவை.

16 ஜூலை, செவ்வாய்

மாமி லிஃப்ட்டில் இறங்கினார். கையில் கட்டு. "நீயும் ஏறு" என்றார். ஏறினேன்.

கீழே கதவு திறந்தது. "நன்னா இருக்கே. நீயே எழுதினதாமே?"

"இல்ல மாமி. என் அக்கா பொண்ணு எழுதினது. சான்ட்ரா."

ஆட்டோவில் ஏறிய பிறகு மாமி அந்தப் பெயரை இன்னொரு தடவை கேட்டார். சொன்னேன்.