மீதி ஒன்றரை நிமிடம்

என் செல்ல வாலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம், அப்பாவுக்குப் படி ஏறும்போது முழங்கால் முணுமுணுக்கிறது, அதைவிட அதிகமாக அவர் முணுமுணுக்கிறார். நீ சுகமா என்று இந்த முறை கேட்கப்போவதில்லை, போன சனிக்கிழமை உன் காதைப் பார்த்துவிட்டேன். பதறாதே. என் கண்காட்சிக்கு நம்ம ஊரிலும் ஒரு அறை போட்டிருக்காங்க, ஆனா நீ போகாதேம்மா, உனக்கு போரடிக்கும் என்று போனில் சொன்னாயே, அப்படிச் சொன்னால் நான் போகமாட்டேன் என்று நினைத்தது உன் தப்பு.

அப்பாவையும் இழுத்துக்கொண்டுதான் போனேன். நூலகத்துக்குப் பின்னால் இருந்த கிடங்குக்கு வெள்ளையடித்து, நடுவில் கறுப்புத் திரைச்சீலை கட்டியிருந்தார்கள். வாசலில் பலகை. உள்ளே திரையில் ஒருவர் தன் காதை மட்டும் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், நீங்கள் நான்கு நிமிடம் எதை வேண்டுமானாலும் பேசலாம், அவர் கேட்பார், திரும்பிப் பார்க்கமாட்டார், பதிலும் சொல்லமாட்டார் என்று எழுதியிருந்தது. ஆறு ஊர்களிலிருந்து இன்டர்நெட் வழியாக மாறி மாறி உன் காதில் பேசுகிறார்களாமே. அப்பா படித்துவிட்டு, முப்பது வருஷமா வீட்டில நான் இதைத்தானே பண்றேன், எனக்கு யாரு பலகை வெச்சா என்று கேட்டுவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் போன ஒரு பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வெளியே வந்தாள். சொல்வதற்கென்ன, எனக்குப் பொறாமையாக இருந்தது. யார் யாரோ உன் காதில் அழுதுவிட்டுப் போகிறார்கள், பெற்றவள் பதினோராவது ஆளாக நிற்கிறேன்.

உள்ளே போனால் சுவர் அளவுக்கு உன் காது. ஊஞ்சல் கம்பி கிழித்த தழும்பு அப்படியே இருக்கிறது. தோடு போட்டுப் பல மாதம் இருக்கும், துளை தூர்ந்துகொண்டு வருகிறது. பக்கத்தில் இரண்டு நரைமுடி. அது எப்போது வந்தது, எனக்கு ஏன் தெரியவில்லை? சொல்ல வேண்டியதை பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். வாயைத் திறந்தால், இருபத்தாறு வருடம் ஆஸ்பத்திரி கவுண்டரில் கண்ணாடி ஓட்டை வழியாகப் பேசிய வாய் இல்லையா, பேர், வயசு, என்ன தொந்தரவுன்னு சொல்லுங்க என்று வந்துவிட்டது. நீ சிரித்தாய் போலிருக்கிறது, காது குலுங்கியது. அப்புறம் மெல்லச் சிவந்தது. சின்ன வயதிலிருந்தே அழுகைக்கு முன்னால் உனக்குக் காதுதான் சிவக்கும். அதைப் பார்த்ததும் படித்துவைத்ததெல்லாம் மறந்துபோய், சமையலறைக் குழாய் ஒழுகியதைச் சரிபண்ணியாகிவிட்டது, உன் அறைத் திரைச்சீலையைத் துவைத்து மாட்டினேன் என்று என்னென்னவோ உளறினேன். அந்த நேரம் பார்த்து வெளியே யாரோ இருமினார்கள். பின்னால் ஆள் நிற்கிறது என்று தெரிந்தால் என்னால் உட்கார முடியாது, கவுண்டர் புத்தி. சரிம்மா, வைக்கிறேன், ஆள் நிக்குது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வாசலில் நேரம் பார்த்து ஆளை உள்ளே விட்டுக்கொண்டிருந்த பெண், இன்னும் ஒன்றரை நிமிஷம் இருக்கேம்மா என்றாள். இருமியவர் மின்விசிறியைப் பழுதுபார்க்க வந்த எலக்ட்ரீஷியன். வரிசையில் நான்தான் கடைசி ஆள்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்தபிறகு அந்தப் பெண் ஓடிவந்து, நீங்க எழுந்ததும் அவங்க திரும்பிப் பார்த்தாங்கம்மா, அஞ்சு நாளா யாருக்கும் திரும்பல என்று சொன்னாள். நீ பார்த்தபோது உன் பக்கத்துத் திரையில் காலி நாற்காலிதானே இருந்திருக்கும். அப்பா, அப்படி என்னதான் சொன்னே என்று கேட்டார். குழாய் சரிபண்ணினதைச் சொன்னேன் என்றேன்.

அந்த ஒன்றரை நிமிடத்துக்குத்தான் இந்தக் கடிதம். நீ ஊரைவிட்டுப் போன இந்த நான்கு வருடமாக ஒவ்வொரு முறையும் போனை நானே முதலில் வைத்துவிடுகிறேன், உன் வேலை கெடக்கூடாது என்று. வைத்துவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பேன், அப்பாவுக்குத் தெரியும். நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை கண்ணே. ஒரு தடவை வந்துவிட்டுப் போ. உன் தலையை என் மடியில் வைத்து அந்த நரைமுடி இரண்டையும் நான் பக்கத்தில் பார்க்க வேண்டும்.

நன்றாக இரு, நினைத்ததெல்லாம் நடக்கட்டும், ஊர் பேச்சையெல்லாம் கேட்கிற அந்தக் காதுக்கு நல்ல செய்தியாகவே வரட்டும். துளையில் எண்ணெய் தொட்டுவைத்து சின்னத் தோடாக ஒன்றைப் போட்டுப் பார். இன்னொன்று, அடுத்த முறை போனில் சரி வைக்கிறேன் என்று நான் சொன்னால் வைக்க விடாதே. என் பின்னால் யாரும் நிற்கவில்லை.

உன்
அம்மா