தட்டக் கூடாத தூண்

கோபக்காரிக்கு,

நான் போனை எடுப்பதில்லை என்று முறைத்துக்கொண்டிருப்பாய். அதனால்தான் கடிதம்.

ஒரகடத்தில், நாளெல்லாம் இரும்புத் தகட்டை இடித்து அதிரும் எங்கள் பிரஸ் ஷாப்புக்கு நான்கு நாள் லீவு விட்டார்கள். கூட வேலை பார்க்கும் மாரிராஜோடு ஹம்பி போய்வந்தேன். மதங்க மலை உச்சியில் நின்றால், இடிந்த ஊர் முழுக்கக் காலடியில் கிடக்கிறது. உன்னைக் கூட்டிவந்திருக்கலாம் என்று தோன்றியது. எட்டு மாத வயிற்றோடு எப்படி ஏறுவாய்?

கீழே விட்டலா கோயிலில், தட்டினால் பாடும் கல்தூண்கள் இருக்கின்றன. நானும் ஆசையாகக் கையை ஓங்கினேன். மாரிராஜ் ஓடிவந்து இழுத்து, என் காதில் வாய் வைத்துக் கத்தினான்.

"தட்டக் கூடாதாம்லே! காவக்காரரு அப்ப புடிச்சு விசிலடிக்காரு, உனக்குக் கேக்கலியா?"

அங்கே யாரையும் தட்ட விடுவதில்லை. அத்தனை கூட்டத்தில் ஒருவருக்கும் அந்தப் பாட்டு கேட்கவில்லை. நெடுநாள் கழித்து எல்லோரையும் போல நானும் நிம்மதியாக நின்றேன்.

மற்றதை நேரில் சொல்கிறேன். கோபம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசுவாயே, இனி அதை மட்டும் விட்டுவிடு. பிள்ளை அழுது நான் எழாவிட்டால், தோளில் ஓங்கித் தட்டு.

என்னைத் தட்டத் தடையில்லை.

உன் அத்தான்