காதில் ஒரு ஜன்னல்

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

மருந்துத் தங்கை எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். அண்ணியின் இருமல் நின்றதா? நிற்கவில்லையென்றால், நான் சொன்ன மருந்தை அவர் குடிக்கவில்லை என்று அர்த்தம்.

நீங்கள் சிபாரிசு செய்த முற்றுகை நாவலை முடித்துவிட்டோம். ‘முடித்துவிட்டோம்’ என்றுதான் சொல்ல வேண்டும். கண் மங்கிய பிறகு அம்மாவுக்கு நான்தான் வாசிக்கிறேன். ஆஸ்பத்திரி மருந்தகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் புத்தகத்தைக் கையில் திணிக்கிறாள். போர்க்கதை என்றாலே எழுந்து போனவள், இப்போது பெரிய விமர்சகர். ‘நூறு பக்கமா தளபதி குதிரையை விட்டு இறங்கலையே, அந்தக் குதிரை எப்பத் தண்ணி குடிச்சுது?’ என்று கேட்கிறாள். நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

இப்போது என் முறை. நூலக மாடியில் கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில் பேங்கில் வேலை பார்க்கும் ஒரு அம்மா ‘மிதவைப் படை’ என்ற சரித்திர நாவலைப் பற்றி மூச்சு விடாமல் பேசினார். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய யுத்தம். பாலம் உடைந்துபோய், ஒரு படை மரக்கட்டைகளைக் கட்டிக்கொண்டு ஆற்றைக் கடக்கிறது. எழுதியவர் புதியவர், புனைபெயர்தான் போட்டிருக்கிறது. ராஜா, மந்திரி, சபதம் ஒன்றும் கிடையாது. ஈரத் துணியும் பசியும் பயமும்தான். நான்கு அத்தியாயம் வாசித்திருக்கிறோம். இதைப் படிக்காமல் எனக்கு அடுத்த கடிதம் போடாதீர்கள்.

பதினாறு வயதில், அண்ணனோடு படையில் இருந்த உங்களிடம், ‘எங்க அண்ணனைக் கொண்டுபோன ஆறு எப்படி இருக்கும்?’ என்று கேட்டேன். நீங்கள் ஊருக்குப் போய், பதிலுக்கு ஒரு போர் நாவலை அனுப்பினீர்கள். நம் புத்தகப் பரிமாற்றம் அப்படித்தான் தொடங்கியது. இத்தனை வருஷத்தில் நான் கேட்ட கேள்விக்குப் பக்கத்தில் வந்த முதல் புத்தகம் இதுதான் என்று தோன்றுகிறது.

அன்புத் தங்கை


மார்ச் 14

அன்புள்ள தங்கச்சி,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணி மருந்தைச் செடிக்கு ஊற்றியது தெரியவந்தது. செடி நன்றாக இருக்கிறது.

நீ சொன்னால் மறுபேச்சு உண்டா? ‘மிதவைப் படை’க்குச் சொல்லி வைத்துவிட்டேன். நான் படிப்பதற்கு முன்பே எங்கள் லிஃப்ட் கம்பெனியில் மூன்று பேரிடம் ‘பிரமாதமான நாவல்’ என்று அடித்து விட்டாயிற்று. ஒருவன், ‘சண்டை எத்தனாவது பக்கத்துல வருது?’ என்று கேட்டான். அவனுக்கு வேறு ஏதாவதுதான் சொல்ல வேண்டும்.

அம்மாவிடம் சொல்: குதிரை தண்ணீர் குடித்ததா என்று கேட்பவர்தான் உண்மையான போர்வீரர். எங்கள் படையில் அப்படிக் கேட்டவர்கள் இரண்டே பேர். ஒருவன் உன் அண்ணன். காது ஓரத்தில் சிறு வெட்டு இருந்ததால் எங்களுக்கு அவன் ‘காது’. இன்னொருவன் ‘ஒட்டடை’, ஒட்டடைக்குச்சி மாதிரி நெட்டையாக இருப்பான். இருவரையும் ஒரே ஆறு ஒரே நாளில் கொண்டுபோனது. போன வாரம் ஒட்டடையின் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். முழங்கால் வலியைத் தவிர வேறு குறை சொல்லவில்லை.

புத்தகம் வந்ததும் எழுதுகிறேன்.

உன் லிஃப்ட் அண்ணன்


மார்ச் 21

அண்ணா,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று ஐந்தாம் அத்தியாயம் வாசித்துக்கொண்டிருந்தேன். ஆற்றைக் கடப்பதற்கு முதல் நாள், ஒரு கிழட்டு வீரன் இளைஞன் ஒருவனிடம், ‘காதுல என்னடா வெட்டு?’ என்று கேட்கிறான். இளைஞன் சொல்கிறான்: சின்ன வயதில் அம்மா முடி வெட்டும்போது கத்தரிக்கோல் பட்டுவிட்டதாம். அவன் அழுதானாம். ‘அழாதே, நான் சொல்றது உள்ள போகட்டும்னுதான் காதுல ஒரு ஜன்னல் வெச்சிருக்கேன்’ என்றாளாம் அம்மா.

‘நிறுத்து’ என்றாள் நம் அம்மா.

நான் நிமிர்ந்து பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை. ‘திரும்பப் படி’ என்றாள். படித்தேன். ‘இது என் பையன் எழுதினது’ என்றாள்.

அம்மாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்றே நினைத்தேன். ரத்த அழுத்தம் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. அண்ணனின் காதை நாய் கடித்தது என்றல்லவா வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அதைச் சொன்னேன்.

‘நாய் இல்ல, நான்தான்’ என்றாள் அம்மா. ‘உங்கப்பா திட்டுவாருன்னு நாய் கடிச்சதா சொல்லச் சொன்னேன். நீ அப்பப் பொறக்கவே இல்ல. ஜன்னல்னு நான் சொன்னது எனக்கும் அவனுக்கும்தான் தெரியும்.’

அண்ணா, அவன் எப்போதாவது உங்களிடம் இதைச் சொல்லியிருக்கிறானா? நீங்கள் யாரிடமாவது சொல்லி, அது சுற்றிச் சுற்றி இந்த எழுத்தாளர் காதுக்குப் போயிருக்குமா? அப்படி இருந்தால் உடனே எழுதுங்கள். அம்மா சாப்பிடவில்லை. வாசல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

தங்கை


மார்ச் 27

தங்கச்சி,

எங்களிடமும் நாய் கடித்தது என்றுதான் சொன்னான்.

புத்தகம் நேற்று வந்தது. ஒரு ஆபீஸ் கட்டடத்தின் மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து படித்தேன். கீழே லிஃப்ட் நின்றுபோய், மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்குக் கேட்கவே இல்லை.

ஒன்பதாம் அத்தியாயத்தில் மிதவை உடைகிறது. இரண்டு பேர் ஒரே பலகையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பலகை அமிழ்கிறது. ஒருவன், ‘இது ரெண்டு பேரைத் தாங்காது, நீ புடிச்சுக்க’ என்று சொல்லிக் கையை விட்டுவிடுகிறான்.

அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்.

உன் அப்பாவிடம் நான் சொன்னதெல்லாம் ‘ஆறு கொண்டுபோய்விட்டது’ என்பது மட்டும்தான். அவன் எனக்காகக் கையை விட்டான் என்று சொல்ல வாய் வரவில்லை. உன்னிடமும் சொன்னதில்லை, உன் அண்ணியிடமும் சொன்னதில்லை. அங்கே வேறு யாரும் இல்லை. நானும் அவனும்தான்.

அம்மா சொன்னது சரி.

இதை எழுதிவிட்டு நானே மறுபடி மறுபடி படித்துப் பார்க்கிறேன். நம்ப முடியவில்லை. பதிப்பகத்துக்குப் போன் செய்தேன். பழைய படைவீரன், ஆசிரியரைப் பாராட்ட வேண்டும் என்றேன். அவர்கள் அவரைக் கேட்டுவிட்டு, ஒரு துறைமுக ஊரில் இருக்கும் டிரைவிங் ஸ்கூலின் முகவரியைக் கொடுத்தார்கள். நாளைக்குப் போகிறேன். நான் வந்து சொல்லும்வரை அம்மாவிடம் எதுவும் சொல்லாதே.

அண்ணன்


ஏப்ரல் 1

தங்கச்சி,

அவன்தான். உயிரோடு இருக்கிறான்.

டிரைவிங் ஸ்கூலுக்கு எதிரே நடைபாதையில் நின்றேன். ஒரு சின்னக் கார் குலுங்கிக் குலுங்கி வந்து நின்றது. பக்கத்து சீட்டிலிருந்து நரைத்த தலை ஒன்று இறங்கி, ஓட்டிய பெண்ணிடம், கிளட்சை மெதுவாக விடும்படி சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு முகம் அடையாளம் தெரியவில்லை. ‘டேய் காது’ என்று கூப்பிட்டேன். சட்டென்று திரும்பிவிட்டான். திரும்பிய பிறகுதான் திரும்பியிருக்கக் கூடாது என்று அவனுக்குத் தோன்றியிருக்கும். காரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்தோம். ஆறு அவனை வெகுதூரம் இழுத்துப்போய் எதிரிக் கரையில் போட்டிருக்கிறது. படகுக்காரர்கள் எடுத்து ஒளித்து வைத்திருக்கிறார்கள். மாதக்கணக்காக ஜுரம். எழுந்து நடக்க முடிந்தபோது போர் முடிந்துவிட்டது. ஊருக்கு வந்திருக்கிறான், தங்கச்சி. பஸ் நிலையத்தில் போரில் இறந்தவர்களின் பெயரோடு நினைவுக்கல் வைத்திருக்கிறார்களே, அதன் முன்னால் உன் அப்பா நின்று, யாரோ ஒரு வழிப்போக்கருக்கு அவன் பெயரை விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தாராம்.

‘அப்பா என்னைப் பார்த்து அப்படிப் பெருமைப்பட்டதே இல்லடா. அதைக் கலைக்க மனசு வரல’ என்றான். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டான். வருஷம் போகப் போக வெட்கம் கூடிக்கொண்டே போயிற்றாம். அப்பா இறந்தது தெரிந்தும் வரவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் இந்த நாவலை எழுதினாய் என்று கேட்டேன். ‘யாராவது கண்டுபிடிச்சுட்டாத் தேவலைன்னு இருந்துச்சு’ என்றான்.

அப்புறம் சிரித்துக்கொண்டே கேட்டான்: ‘ஒட்டடை எங்க இருக்கான்? இன்னும் அப்படியே ஒல்லியாத்தானா?’

இதை உன்னிடமும் மறைத்திருக்கிறேன். உங்கள் வீடு சுமக்க வேண்டாம் என்று நினைத்தேன். நான் கரை ஏறியதும், காதைத் தேடத் திரும்பவும் ஆற்றில் இறங்கினேன். ஒட்டடையும் கூட வந்தான். அவனை வரச் சொன்னவன் நான் இல்லை; தானாகவே வந்தான். இடுப்பளவுத் தண்ணீரில் என் பக்கத்தில் நின்றபோது குண்டு பட்டது.

சொன்னேன். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோயிற்று. கண்ணாடி டம்ளர் கையிலிருந்து நழுவி உடைந்ததைக்கூட அவன் பார்க்கவில்லை. அவனுக்குத் தெரியவே தெரியாது. ஒட்டடை அவன் கதையிலும் இல்லை, நீ கவனித்தாயா?

அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

அண்ணன்


ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

சொன்னேன். அம்மா அழவில்லை. ‘எனக்குத் தெரியும்னு சொன்னேனே’ என்றாள். பிறகு, அவன் வருவதற்குள் மிச்சக் கதையைப் படித்துவிட வேண்டும் என்று என்னை உட்கார வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். நான் கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் இருந்தேன். வாசலில் ஒருவர் பையோடு நின்றார். எட்டு வயதில் என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஓடிய அண்ணனை அந்த ஆளுக்குள் தேடினேன். கிடைக்கவில்லை. ‘அம்மா’ என்றான்.

அம்மா கையை நீட்டினாள். அவன் கீழே உட்கார்ந்தான். தலையைத் தடவினாள், கன்னத்தைத் தடவினாள், காதைக் கண்டுபிடித்தாள். அதை அப்படியே பிடித்துத் திருகினாள். அவனுக்கு வலித்திருக்கும், அசையவில்லை.

‘உள்ள போகவே இல்லையேடா’ என்றாள். அப்புறம்தான் அழுதாள். இருபத்தாறு வருஷத்து அழுகை, அண்ணா. பக்கத்து வீட்டுக்காரர் என்னவோ ஏதோவென்று ஓடி வந்துவிட்டார்.

இப்போது முன்னறையில் தூங்குகிறான். எனக்குக் கோபம் வர வேண்டும். வரும், எனக்குத் தெரியும். இன்னும் வந்து சேரவில்லை. அவன் என்னோடு அதிகம் பேசுவதில்லை. ஒட்டடையின் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்கிறான், தனியாகப் போகப் பயம் என்கிறான். நீங்கள் கூட்டிப் போக வேண்டுமாம். அம்மாவும் உங்களைக் கேட்கிறாள். ‘அவன் இல்லாத காலத்துல லிஃப்ட்காரத் தம்பிதான் எனக்குப் பையன், அவனும் வந்து பக்கத்துல உக்காரட்டும்’ என்கிறாள்.

அடுத்த ஞாயிறு அண்ணியோடு வாருங்கள். எதிர்பார்த்திருக்கிறோம்.

தங்கை


ஏப்ரல் 20

அன்புள்ள தங்கச்சி,

நான் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலையும் இல்லை. பொய்க் காரணம் சொல்ல உன்னிடம் முடியாது.

காது உயிரோடு இருப்பதை ஒட்டடையின் அம்மாவிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். வேறு யார் வாயாலோ கேட்கக் கூடாது என்று தோன்றியது. கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார். ‘அந்தப் பையன் நல்லா இருக்கானா?’ என்றார். இருக்கிறான் என்றேன். ‘புத்தகம் எழுதியிருக்கானா?’ என்றார். ஆமாம் என்றேன்.

‘அதுல என் பையன் வர்றானா?’

இல்லையம்மா என்றேன். அவர் ஒரு சட்டையை எடுத்தார், மடித்தார், இன்னொன்றை எடுத்தார். நான் படியிறங்கும்போதும் மடித்துக்கொண்டுதான் இருந்தார்.

காது எனக்கு உயிர் கொடுத்தவன். அது என்றைக்கும் மாறாது. ஆனால் இருபத்தாறு வருஷம் ஒட்டடையைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்காமல் ஒளிந்திருந்தவனுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட என்னால் ஆகாது. ஒட்டடையின் அம்மா வீட்டுக்கு அவனை அழைத்துப் போகவும் மாட்டேன். போக வேண்டும் என்றால் அவன் தனியாகப் போகட்டும். ஆற்றில் தனியாகக் கையை விட்டவனுக்கு அந்தப் படியேறத் தைரியம் வரும்.

உன் அம்மாவிடம் என்ன சொல்வாய் என்று தெரியவில்லை. அவர் சொன்ன ‘பையன்’ என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு இரண்டு நாள் சுற்றினேன்.

‘மிதவைப் படை’ நல்ல நாவல். நீ சிபாரிசு செய்தது சரிதான். யார் கேட்டாலும் படிக்கத்தான் சொல்வேன். அதில் இல்லாத ஆளைப் பற்றியும் சொல்வேன்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாதே, தங்கச்சி. நீ எழுதினால் நான் வந்துவிடுவேன்.

அன்புடன்,
லிஃப்ட் மெக்கானிக்