பூட்டின பெட்டியும் போலீஸ்காரரும்

மார்ச் 4, செவ்வாய்

இரண்டு பேன்ட் மடிப்பு, ஒரு ஜிப். மதியம் என் தையல் கடை வாசலில் போலீஸ்காரர். அடுத்த தெருவில் கட்டுகிற வீட்டில் குழாய்கள் காணவில்லையாம். அங்கே வேலை செய்தவர்களின் பெட்டிகளைப் பார்க்கிறாராம். "சும்மா ஒரு பார்வைம்மா."

என் வீட்டுக்காரர் அங்கேதான் குழாய் வேலை பார்த்தார், போன மாதம் நெஞ்சு வலி வந்து கண்ணை மூடுகிற வரை. பெட்டி மிஷினுக்கு அடியில் இருக்கிறது. அவர் கை பூட்டினது. நானே இன்னும் திறக்கவில்லை. இந்த ஆள் கையா முதலில் படணும்?

தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். திங்கட்கிழமை வருவாராம்.

மார்ச் 5

நாத்தனார் வந்தாள். வக்கீல் ஆபீஸைப் பெருக்குகிறவள்; குப்பையோடு சட்டத்தையும் அள்ளிக்கொண்டு வருவாள். கோர்ட் உத்தரவு இல்லாமல் வந்து கேட்டால், காட்டுவதும் காட்டாததும் நம் இஷ்டமாம். ஆனால் பொய் சொல்லக் கூடாது, மீறித் திறந்தால் கையை மறிக்கக் கூடாது.

"கட்டாயமான்னு மட்டும் கேளுங்க அண்ணி. அதுக்கு மேல வாயத் திறக்காதீங்க."

என் வாயா? நடக்கிற காரியமா?

ஒத்திகை பார்த்தோம். அவள் தலையில் சட்டியைக் கவிழ்த்துப் போலீஸானாள். அவர் போன பிறகு முதல் தடவையாகச் சிரித்தேன். அப்படியே அழுகை வந்துவிட்டது. அவளும் அழுதாள், சட்டியைக் கழற்ற மறந்து.

மார்ச் 7

பழகிப் பார்த்தேன். வாடகைக்கு விட்ட வீட்டுக்கார அம்மா படியைக் கழுவச் சொன்னார். கட்டாயமா என்றேன். கட்டாயமாம். கழுவினேன்.

மார்ச் 10, திங்கள்

போலீஸ்காரர் வந்தார். அவர் பேன்ட் மடிப்பு பிரிந்து தரையைக் கூட்டுகிறது.

"ஐயா, பெட்டியக் காட்டறது கட்டாயமா?"

காதைச் சொறிந்தார். "கட்டாயம்னு இல்லம்மா. ஒத்துழைச்சா நல்லது."

"அப்போ வேண்டாங்க."

உள்ளே திருட்டுச் சாமான் எதுவும் இல்லையே என்றார். பதில் சொல்லவில்லை. என் வாய்தானா இது? கால்தான் நடுங்கியது — மிதியில் வைத்த கால். மிஷின் தானாக ஓடி, தைத்துக்கொண்டிருந்த திரைச்சீலையை என் சட்டைக் கையோடு சேர்த்துத் தைத்துவிட்டது. எழுந்து வழியனுப்பக்கூட முடியவில்லை. திமிர் என்று நினைத்திருப்பார்.

மார்ச் 11

விடிந்ததும் நானே திறந்தேன். ஸ்பேனர், சணல், பாதி தின்ற மிட்டாய். எல்லாவற்றுக்கும் அடியில் என் பெரிய கத்தரிக்கோல்! வருஷக்கணக்காகத் தேடினேனே. கண்ணாலேயே பார்க்கவில்லை என்று சத்தியம் பண்ணின மனுஷன். கம்பி வெட்டி வெட்டி முனையை மழுக்கி வைத்திருக்கிறார்.

திருட்டுச் சாமான் இருந்துதான் இருக்கிறது. அடப்பாவி மனுஷா, உன்ன எங்க போயிப் பிடிப்பேன்?

மார்ச் 14, வெள்ளி

குழாய்களைக் கான்ட்ராக்டரே வேறு வீட்டுக்கு ஏற்றிவிட்டு மறந்துவிட்டாராம். போலீஸ்காரர் பேன்ட் மடிப்பைத் தைத்துக்கொள்ள வந்தார். நான் குண்டூசி குத்தி முடிக்கிறவரை பொம்மை மாதிரி நின்றார்.

"இப்பவாவது சொல்லுங்கம்மா. பெட்டிக்குள்ள என்னதான் இருந்துச்சு?"

"சொல்றது கட்டாயமாங்க?"

சிரித்துவிட்டார். இல்லையாம்.

அவர் கால்மாட்டில் உட்கார்ந்து, தொங்கிய நூலை வெட்டினேன். சாணை பிடித்த பிறகு நன்றாகத்தான் வெட்டுகிறது, அந்தத் திருட்டுச் சாமான்.