பின்வாசல் வழியாக நீ வந்த செவ்வாய்க்கிழமை

பைன் ஃபோர்க், ஆர்கன்சா
மார்ச் 9

அன்புள்ள கென்ட்ராவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம், நீயும் உன் கணவன் டேரிலும் டூசானில் சுகமாக இருப்பதை உன் கடிதத்தில் படித்த பிறகுதான் அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கியது. அவளுடைய முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்னதை நான் எடுத்துச் சொன்னால், அப்போ டாக்டரே வந்து துணி மடிச்சு வைப்பாரா என்று கேட்கிறாள். பீச் மரம் அவசரப்பட்டுப் பூத்துவிட்டது, இன்னொரு உறைபனி விழுந்தால் இந்த வருஷம் பழம் கிடையாது.

நீ கேட்டதற்கு வருகிறேன். உங்கள் வீட்டுக் கதவை யாரோ நெம்பிப் பார்த்தார்கள், நீ கைத்துப்பாக்கி வாங்கிவிட்டாய். அதை எங்கே வைப்பது, ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த நீங்கள் எனக்கு நாலு வரி எழுதக்கூடாதா என்று கேட்டிருந்தாய். பதினெட்டு வருஷம் சனிக்கிழமைதோறும் தீயணைப்பு நிலையக் கூடத்தில் துப்பாக்கிப் பயிற்சி வகுப்பு வைத்து நான் சொல்லிக்கொடுத்ததில் முக்கால்வாசி ஒரே பாடம்தான். சுடுவது என்று முடிவு செய்யும்வரை விரல் விசைமேல் போகக்கூடாது, துப்பாக்கியின் பக்கவாட்டில் நீட்டியபடி இருக்கவேண்டும். யார் விரலாவது விசை வளையத்துக்கு உள்ளே போனால் பென்சிலால் விரல் முட்டியில் தட்டுவேன். வகுப்புக்கு வந்த கிளிஃபர்ட் ஒருமுறை, வீட்டுல விரலை நீட்டினாலே பொண்டாட்டி உதைக்கிறா, நீங்க நீட்டச் சொல்றீங்க என்றான், கூடமே சிரித்தது. வகுப்பை நிறுத்தியபோது கண் சரியில்லை என்று சொன்னேன். என் கண்ணுக்கு ஒன்றுமில்லை.

நீ கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கும்போது நவம்பரில் கூம்ஸ் கிழவர் வீட்டில் பட்டப்பகலில் ஆள் புகுந்து அவர் தாடையை உடைத்தார்களே, நினைவிருக்கும். நம் பக்கம் யாரும் முன்வாசலைத் தட்டுவதில்லை, பாதிரியாரும் அந்நியரும் தவிர எல்லோருக்கும் பின்வாசல்தான். அந்த வாரம் நான் அக்கம்பக்கம் முழுக்கப் போய், இனிமேல் முன்பக்கம் வந்து தட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டு ஓப்பல்கூட ஒழுங்காகத் தட்டினாள். ஆகவே பின்வாசலில் வருகிறவன் திருடன் என்று என் மனதில் பதிந்துவிட்டது. ஊருக்கெல்லாம் சொன்னவன் உனக்குச் சொல்லவில்லை.

லீவுக்கு வியாழக்கிழமை வருவதாக இருந்த நீ செவ்வாய்க்கிழமை மதியமே வந்தாய். உன் கார் பழுது, தோழி சாலையில் இறக்கிவிட்டுப் போனாள், அதனால் பழகிய கார் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அம்மா டவுனுக்குப் போயிருந்தாள். பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டு நான் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நடைக்கு வந்தபோது, தலையை மூடிய சாம்பல் சட்டையில் ஒரு உருவம், முதுகைக் காட்டியபடி, கதவை முதுகால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தது. பத்தடி தூரம். அழுக்குத்துணிக் கூடையை நீ இரண்டு கையாலும் பிடித்திருந்தது எனக்குத் தெரியவில்லை, கையில் ஏதோ இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. என் துப்பாக்கி உன் முதுகை நோக்கி இருந்தது. என் விரல் விசைமேல் இருந்தது. அதை எப்போது உள்ளே வைத்தேன் என்று அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. யார் என்று நான் கேட்கவில்லை. விசை பாதி அழுந்திவிட்டது, விரல் அதை உணர்ந்தது.

கூடை கம்பிவலைக் கதவில் மாட்டிக்கொண்டது. நீ, "நாசமாப் போற கதவே" என்றாய். அந்தக் குரல் கேட்டதால்தான் நீ இன்று இருக்கிறாய். என் பயிற்சியால் இல்லை. நீ திரும்புவதற்குள் துப்பாக்கியை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டேன். உன்னைக் கட்டிக்கொண்டு அழுதேன், ரெண்டு நாள் முன்னாடி வந்ததுக்கே இப்படியாப்பா என்று கேலி செய்தாய். பதினோரு வருஷமாக அந்தச் சாம்பல் நிற முதுகு என்னை விட்டுப் போகவில்லை. சில நாள் கனவில் நீ கதவைத் திட்டுவதில்லை.

விரல் வெளியே இருந்தால் உள்ளே போக ஒரு நொடி ஆகும். யார், என்ன செய்கிறான், சுடாமல் வேறு வழி இல்லையா என்று பார்க்க நமக்குக் கிடைப்பது அந்த நொடி மட்டும்தான். நான் அதைத் தொலைத்தேன். டேரில் ரயில் யார்டில் எந்த நேரத்தில் வேலை முடிந்து வருவான் என்று அவனுக்கே தெரியாது என்கிறாய். அதனால் மேசை இழுப்பறையில் வைக்காதே, பூட்டுப்பெட்டியில் வை. அவன் படியேறும்போதே உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும், நீ ஆளைப் பார்த்து உரக்கக் கேள், பதில் வரட்டும். துப்பாக்கியே வேண்டாம் என்று கடையில் திருப்பிக் கொடுத்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

கடவுள் உங்கள் இருவரையும் பத்திரமாக வைத்திருக்கட்டும். மாசம் ஒருமுறையாவது அம்மாவுக்கு எழுது, காத்திருக்கிறாள். இந்தச் சங்கதி அவளுக்குத் தெரியாது. சொல்வதா வேண்டாமா என்பதை நீ முடிவு செய், அது உன் முதுகு. சொல் என்றால் அன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.

உன் அப்பா,
வெர்னன்