உன் காணிப் படலைக்குப் போட்ட பூட்டு

ஓடுகிற ஒருத்தரையும் தொடாமல் விட்டறியாத என் அக்காவுக்கு,

உன் முதல் வருச ஆட்டைத் திவசம் முடிந்து மூன்று மாதமாகிறது. அழுது வடிக்க இதை எழுதவில்லை. நீ போன பிறகு நான் செய்த ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். ஊரில் எல்லாரும் அதை நல்ல வேலை என்றார்கள். அதுதான் எரிகிறது.

உன் சீதனக் காணி. நீ வீடு கட்டாமல் விட்ட அந்த வெறுங்காணி. பின்னேரம் நாலரை ஆனால் எங்கள் தெரு ஒழுங்கையின் பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கேதான். குதிக்காலால் நீ கிளித்தட்டு ஆட்டத்துக்குக் கோடு இழுப்பாய். ஒரு கோடாவது நேராக இருந்ததா? வருத்தம் முற்றிய பிறகும் படலையடியில் பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டுக்கொண்டு, "டேய், பேய்க்காட்டாதை! அவள் தொட்டிட்டாள், வெளியிலை வா!" என்று கத்துவாய். மருந்தைக் கொண்டுவந்தால், "ஆட்டம் முடியட்டும், பொறு" என்பாய். அது எனக்கு விசர் வேலையாகத்தான் தெரிந்தது.

கடைசியாக நீ என்னிடம் கேட்டது ஒன்றுதான். "என்ரை பிள்ளை துளசியைப் பாத்துக்கொள்ளடா."

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் படலைக்குப் பூட்டுப் போட்டேன். துளசிக்குப் புலமைப்பரிசில் சோதனை வருகிறது. அத்தான், "நீ படிச்சவன், நீ சொல்லுறபடி செய்வம்" என்றுவிட்டார். கணினியில் நேரசூசி தயாரித்தேன். பள்ளிக்கூடம், டியூசன், மாதிரி வினாத்தாள், திரும்பவும் டியூசன். நாலரை தொடக்கம் ஆறு வரைக்கும் நிரப்பினேன். ஒரு கட்டமும் வெறுமையாக இல்லை என்று பெருமை வேறு.

பூட்டைக் கண்டு பிள்ளைகள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"அண்ணை, கொஞ்ச நேரம் மட்டும்."

"உங்களுக்கு வீட்டிலை புத்தகமில்லையே? போங்கோ!"

நாலைந்து நாள் வந்து பார்த்தார்கள். பிறகு வரவில்லை. முன்வீட்டுப் பவளம் அன்ரி தன் வீட்டுப் படலையைத் திறந்து வந்து சொன்னா: "நல்ல வேலை செய்தாய் தம்பி. இனி எங்கடையளும் இருந்து படிக்குங்கள்."

போன மாதம் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி. ஒரு வருசத்துக்கு மேலாக ஓடாத துளசி ஓடினாள். இருபது அடிகூடப் போயிருக்க மாட்டாள். கல்லுமில்லை, குழியுமில்லை, சமதரை. தன் காலிலேயே தடக்கி விழுந்தாள். அக்கா, கை முன்னுக்கு வரவில்லை. இரண்டு கையும் பக்கத்தில் கிடக்க, முகம் போய் நிலத்தில் அடித்தது. முன்பல் பாதி போய்விட்டது. வாயெல்லாம் இரத்தம்.

தூக்கிக்கொண்டு ஓடி வந்த விளையாட்டு ரீச்சரிடம் நான் பாய்ந்தேன். "உதென்ன மைதானம்? பிள்ளை விழுந்து பல்லு உடையுது!"

அவ என்னைப் பார்த்தா. "மைதானத்திலை பிழையில்லை, தம்பி. பிள்ளைக்குக் கையூண்டத் தெரியேல்லை. விழுந்து பழகினாத்தானே தெரியும்? வீட்டிலை விளையாட விடுறேல்லையோ?"

பிள்ளையை அவவின் கையிலிருந்து வாங்கினேன்.

என் கட்டடத் தொழில் உனக்குத் தெரியும். கொங்கிறீற் போட்டால் ஈரச்சாக்கால் மூடி, யாரும் மிதிக்காமல் காவல் இருப்போம். உன் பிள்ளையையும் அப்படித்தான் மூடி வைத்தேன். ஆனால் கொங்கிறீற்றை அசையாமல் வைத்தால் இறுகும். பிள்ளை ஓடினால்தான் இறுகும். இவ்வளவு படித்தவனுக்கு இந்தச் சின்ன வித்தியாசம் ஏன் தெரியவில்லை? பத்தாம் வகுப்போடு நின்ற உனக்கு எப்படித் தெரிந்தது?

அன்று பின்னேரமே பூட்டைக் கிரைண்டரால் அறுத்தேன். பூட்டைத் திறக்கும் திறப்பு சட்டைப்பைக்குள்தான் இருந்தது. ஆனாலும் அறுத்தேன். நூல் பிடித்து, சுண்ணாம்பு போட்டு, இம்மி பிசகாமல் கிளித்தட்டுக் கோடு கீறினேன். நேரசூசியைக் கிழித்தேன். பிறகு அன்ரி வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளை அனுப்பச் சொன்னேன்.

"உனக்கென்ன விசரே தம்பி? சோதினை வருது. நீதானே பூட்டினனி?"

மற்ற வீடுகளிலும் அதே கதை. சில பிள்ளைகள் ஜன்னலுக்குள்ளால் என்னைப் பார்த்தார்கள், வெளியே வரவில்லை. பூட்டை அறுக்க ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. இந்த ஒழுங்கையை எதால் அறுக்கிறது, அக்கா?

முகக் காயம் ஆறியதும் என் நேரான கோடுகளுக்கு நடுவில் துளசி தனியே நின்றாள். "மாமா, மறிக்க ஆளில்லாமல் நான் யாரைத் தாண்டி ஓடுறது?"

நான் இறங்கி மறித்தேன். என்னால் வளையவே முடியாது. "மாமா, நீங்கள் மாடு மாதிரி ஓடுறியள்" என்று உடைந்த பல்லைக் காட்டிச் சிரித்தாள். நேற்று என்னைத் தாண்டப் பாய்ந்து குப்புற விழுந்தாள். எழும்பி உள்ளங்கையைக் காட்டினாள். உரசிய தோல், செம்மண், கொஞ்சம் இரத்தம்.

கையூன்றியிருக்கிறாள், அக்கா.

ஒரு பிள்ளைதான். பூட்டினது எத்தனை பிள்ளைக்கு? ஆனபடியால் இதைக் கேட்டுக்கொள்: நாளைக்கும் நாலரைக்கு உன் கதிரையைப் படலையடியில் போட்டுக்கொண்டு இருப்பேன். மழை பெய்தாலும், அன்ரி ஏசினாலும், சோதனை வந்து போனாலும் இருப்பேன். கடைசிப் பிள்ளையும் வேலிக்குள் வரும்வரை அந்தக் கதிரையை எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் படலையைப் பூட்டிய தம்பி,
துளசியின் மாமன்,
சேந்தன்