பஸ்ஸுக்குப் பின்னால் வந்த சிவப்பு வண்டி

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஓடிவிட்டது. அக்கா நன்றாக இருக்கிறாள். ஸ்ரீரங்கத்துத் தையல் கடையைத் திரும்பத் திறந்துவிட்டாள், கல்யாண ஜாக்கெட்டுகள் குவிந்து கிடக்கின்றன. நான் அதே ஸ்கூலில் அதே கணக்கு டீச்சர். ஆனால் இன்று எழுத உட்கார்ந்தது உங்கள் செல்லத்தைப் பற்றி. அந்தச் சிவப்பு வண்டி.

அதை அக்கா விற்கக் கிளம்பினாள் என்றால் கோபித்துக்கொள்வீர்களா? கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றிருந்தார். "கதவைத் திறந்தா தினம் அது மூஞ்சியிலதான் முழிக்கிறேன். வித்துடலாம்டி" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியுமா? இரண்டே சீட், மடக்கித் திறக்கும் கூரை, ஒரு ஆள் தள்ளினாலே நகர்கிற எடை. காயலான் கடைக்குப் போக இருந்த அந்த ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, பொன்மலை ரயில்வே வொர்க்‌ஷாப்பில் ஷிப்ட் முடித்து வந்து, நீங்களே பிரித்து நீங்களே மாட்டினீர்கள். முதல் சவாரிக்கு அக்காவை அழைத்துப் போனீர்கள். வண்டி குலுங்கின குலுக்கலில் காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. எல்லாம் ரோடு செய்த வேலை என்றீர்கள். "இந்தத் தகர டப்பாவுல இனி செத்தாலும் ஏற மாட்டேன்" என்றவள், பதினோரு வருஷம் ஏறவே இல்லை.

அதற்கப்புறம் நீங்கள் செய்த கூத்தைத்தான் தெருவே பார்த்துச் சிரித்தது. உங்கள் லீவு நாட்களில் அக்கா டவுன் பஸ்ஸில் கடைக்குப் போவாள். நீங்கள் காரில் அதன் பின்னாலேயே போவீர்கள். பஸ் நின்றால் நீங்களும் நிற்பீர்கள், கிளம்பினால் கிளம்புவீர்கள். "கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சு சைட் அடிக்கிறீங்களே அத்தான்" என்று நான் எத்தனை தடவை கேலி செய்திருப்பேன்! ஒரு தடவையாவது வெட்கப்பட்டீர்களா?

விற்பதென்றாலும் குலுங்குகிற வண்டியை விற்கலாமா, சஸ்பென்ஷனை மட்டும் சரி செய்துவிடுவோம் என்று அக்காவிடம் சொன்னேன். கணக்கு டீச்சரின் மனசுக்குள் வேறு கணக்கு இருந்தது. ஒரே ஒரு தடவை அவளை ஏற்றிக் குலுங்காமல் கூட்டிப் போய்விட்டால், விற்கிற எண்ணத்தை விட்டுவிடுவாள் என்று ஒரு நப்பாசை. அரியமங்கலத்தில் ரஃபீக் பாய் பட்டறையில் விட்டேன். ஷாக் அப்சார்பரெல்லாம் புதுசு. ஸ்பிரிங்கைத் துரு சுரண்டிப் பெயின்ட் அடித்தார். சனிக்கிழமை வண்டியை எடுத்துவர நானும் அக்காவும் ஆட்டோவில் போனோம்.

"இதுக்கு முந்தி இதை மாட்டுனது யாருங்க? ஒவ்வொரு போல்ட்லயும் மஞ்சக் கோடு இழுத்திருக்கு" என்றார் பாய்.

"எங்க வீட்டுக்காரர்தான். இறுக்கி முடிச்சா கோடு போட்டுடுவாரு. எங்க வீட்டு குக்கர் கைப்பிடியில கூட இருக்கு" என்றாள் அக்கா.

"நல்ல கைங்க. ஆனா ஒரு தப்பு பண்ணிட்டாரு. ஜாக்கியில தூக்கி வச்சபடியே எல்லாத்தையும் இறுக்கிட்டாரு. சக்கரம் தொங்குறப்ப இறுக்கினா, இறக்குனதும் உள்ள இருக்குற ரப்பர் முறுக்கிக்கும். அப்புறம் அது எப்படிங்க குலுக்கலைத் தாங்கும்? தரையில நிறுத்தி, ஆளை உக்கார வச்சு, அப்புறம்தான் கடைசி இறுக்கு இறுக்கணும்."

அத்தான், ரயில் பெட்டியை உயரத் தூக்கி வைத்தே வேலை பார்த்துப் பழகிய ஆளல்லவா நீங்கள்? பதினோரு வருஷமாக நாம் ரோட்டைத் திட்டிக்கொண்டிருந்தோம். எனக்கு அக்காவின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"அப்ப ரோடு இல்லையா? இவர்தானா?" என்று கேட்டவள், பட்டறையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். எனக்கு உயிர் வந்தது.

"ரெண்டு பேரும் ஏறி உக்காருங்கம்மா, அந்தக் கடைசி இறுக்குதான் பாக்கி" என்று பாய் ஸ்பேனரோடு வண்டிக்குக் கீழே குழியில் இறங்கினார். "நான் என்ன மணல் மூட்டையா?" என்று முனகினாளே தவிர, அக்கா ஏறிவிட்டாள். நான் ஓட்டுகிற சீட்டில், அவள் பக்கத்தில்.

உட்கார்ந்ததும் முதுகுக்குப் பின்னாலிருந்து அந்தக் குட்டித் தலையணையை உருவினாள். நான் சாய்ந்துகொள்ளக் கேட்டபோதெல்லாம் "அது உங்க அக்காவோடது" என்று பிடுங்கி வைப்பீர்களே, அதேதான். தையல்காரி அல்லவா, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என் லைனிங் துணி. தையலைப் பாருடி, எவ்வளவு கோணல்! அன்னைக்கு வீட்டு மெஷின்ல ஊசி ஒடிஞ்சு கெடந்துச்சே, இவரு வேலைதானா அது?"

"அசையாதீங்கம்மா!" என்று கீழேயிருந்து குரல் வந்தது. அக்கா அசையவில்லை. கன்னத்தில் வழிந்ததைக்கூடத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தாள். வேலை முடிந்ததும் பாய் மஞ்சள் பெயின்ட் தேடி எடுத்து உங்களைப் போலவே கோடு போட்டார்.

அப்படியே ஸ்ரீரங்கத்துக்கு விடச் சொன்னாள். காவிரிப் பாலத்தில் ஒவ்வொரு இணைப்பு வரும்போதும் கதவை இறுக்கிப் பிடித்தாள். வண்டி சொகுசாக ஏறி இறங்கியது. பாதிப் பாலத்தில் பிடியை விட்டுவிட்டாள். முன்னால் ஒரு டவுன் பஸ் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. முந்தலாம் என்று ஹாரனில் கை வைத்தேன்.

"முந்தாதடி. பின்னாடியே போ."

பஸ்ஸின் பின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"லேடீஸ் சீட் காலியா இருந்தாலும் கடைசி சீட்டுலதான் போய் உக்காருவேன். கண்டக்டர் கூட ஏன்னு கேப்பாரு. அங்க உக்காந்தாத்தானே திரும்பினா இவரு தெரிவாரு."

"கடைசி சீட்டுதானேக்கா ரொம்பத் தூக்கிப் போடும்? உன் இடுப்பு?"

"வலிக்கத்தான் செஞ்சுது" என்றாள்.

கோயம்புத்தூர்க்காரரை வர வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டோம், அத்தான். தலையணையின் கோணல் தையலை அக்கா பிரிக்கவில்லை, பிரிக்கவும் விட மாட்டேன். இனி சனிக்கிழமைதோறும் அவளை உங்கள் வண்டியில்தான் கடைக்குக் கொண்டுபோய் விடுவேன். எவ்வளவு அவசரமானாலும் பாலத்தின் மேல் பஸ்ஸை முந்த மாட்டேன். இது சத்தியம்.

உங்களைக் கேலி செய்ய இன்னும் பாக்கி வைத்திருக்கும்,
உங்கள் மச்சினி ஜெயா